வன்பொருள் பழுதைத் தானே கண்டறிந்து சமாளிக்கும் ரோபோ: முழுமையான வடிவமைப்பு வழிகாட்டி

கட்டடத்துக்குள் பொருள் சுமந்து செல்லும் நான்கு சக்கரத் தானியங்கி ரோபோ ஒன்றை இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மோட்டாரோ உணரியோ கம்பியோ பழுதானால், அது தானே அதை உணர வேண்டும். இயன்றால் வேலையைத் தொடர வேண்டும். இயலாவிட்டால் யாருக்கும் தீங்கின்றி நிற்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டாரும், அதன் சுழற்சியை எண்ணும் தனி என்கோடரும் உண்டு. திரும்பும் வேகத்தையும் முடுக்கத்தையும் அளக்கும் ஒரு கைரோ-முடுக்கமானி, முன்புறம் மீயொலித் தொலைவுணரிகள், தொடராக இணைத்த மூன்று லித்தியம் கலங்கள், மோட்டார்களை இயக்க ஒரு நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்), வழியைத் தீர்மானிக்க ராஸ்பெர்ரி பை என்னும் ஒரு சிறு கணினி ஆகியவையே மற்ற உறுப்புகள்.

நான் உடனிருந்து பார்த்த புதியவர்களில் பெரும்பாலோர் இந்த வேலையை நடுவிலிருந்து தொடங்கினார்கள். பழுதைக் கண்டறியும் நிரலை முதலில் எழுதிவிட்டு, வரம்புகளை ஊகத்தால் நிரப்பி, பிறகு ரோபோ காரணமின்றி நிற்கும்போதெல்லாம் அந்த வரம்புகளைத் தளர்த்திக்கொண்டே போனார்கள். கடைசியில் உண்மையான பழுது வந்தபோது ரோபோ வாய் திறக்கவில்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்த எண்களை நம்பி நிற்கிறது. ஆகையால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை, பழுதில்லாமல் ஓடும் ரோபோ. ஒரு முழு மின்னூட்டம் தீரும்வரை யாரும் கை வைக்காமல் அது தன் பாதையில் ஓட வேண்டும். அந்த நிலைக்கு வராத ரோபோவில் தொடங்கினால், வடிவமைப்பின் குறை எது, புதிதாக வந்த பழுது எது என்று பிரிக்கவே முடியாது.

இரண்டாவது, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மின்னோட்ட அளவி. செலவைக் குறைக்கப் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்; ஏழாம் படிக்கு வரும்போது இது இல்லாமல் பாதிப் பழுதுகளைப் பிரித்தறிய முடியாது என்பது தெரியும். பரவலாகக் கிடைக்கும் ஐஎன்ஏ219 பலகையில் 0.1 ஓம் தடை இருப்பதால் அது ஏறத்தாழ 3.2 ஆம்பியர் வரைதான் அளக்கும். உங்கள் மோட்டாரின் சுருள் தடை 3 ஓம், வழங்கும் மின்னழுத்தம் 12 வோல்ட் எனில், சக்கரம் முழுமையாகச் சிக்கும்போது 4 ஆம்பியர் பாயும். அளவி உச்சத்தில் முட்டி நின்றுவிடும். ஆகவே பலகையில் உள்ள தடையைக் குறைந்த மதிப்புக்கு மாற்றுங்கள், அல்லது பெரிய அளவியை வாங்குங்கள்.

அளவியை எந்த இடத்தில் இணைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் ஓட்டிப் பலகைக்கு முன்னால், மின்வழங்கிப் பக்கத்தில் இணைத்தால், துடிப்பு விகிதம் (ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் கொடுக்கப்படும் நேரத்தின் பங்கு) குறைவாக இருக்கும்போது மோட்டாருக்குள் பாயும் மின்னோட்டத்தைவிட மிகக் குறைந்த சராசரியே தெரியும். சக்கரம் மெதுவாக ஓடும்போது சிக்கினால் அந்த அளவியில் பெரிய மாற்றம் இராது. மோட்டார் பக்கத்தில் இணைக்க இயலாவிட்டால், அளந்த எண்ணைத் துடிப்பு விகிதத்தால் வகுத்துப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, எல்லா அளவீடுகளுக்கும் ஒரே கடிகாரம். அளந்த கணத்திலேயே நுண்கட்டுப்படுத்தி நேரத்தைப் பொறிக்க வேண்டும். ராஸ்பெர்ரி பைக்கு வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்தால், ஒப்பிடும்போது இல்லாத பழுதெல்லாம் தெரியும்.

இவற்றுடன் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ரோபோவைத் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி, ஒரு மல்ட்டிமீட்டர், கடைசிப் படிக்கு உதவ இந்த வடிவமைப்பில் பங்கு பெறாத ஒருவர் ஆகியவையும் வேண்டும்.

2. பாதுகாப்பான நிலையை முதலில் முடிவு செய்யுங்கள்

எதுவுமே புரியாத நேரத்தில் ரோபோ எந்த நிலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை, ஒரு வரி நிரல் எழுதும் முன்பே தாளில் எழுதுங்கள். சமதளத்தில் ஓடுவதற்கு நிற்பதே பாதுகாப்பு. பாதையில் சாய்தளம் இருந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டித்தவுடன் சுமையோடு அது உருளத் தொடங்கும். அங்கே மின்சாரம் இருக்கும்போது விடுபட்டும் இல்லாதபோது இறுகப் பிடித்தும் நிற்கும் வகைப் பிரேக் தேவை. மின்தூக்கியின் வாசலில் நிற்பதும் அவசரகால வழியை அடைத்துக்கொண்டு நிற்பதும் பாதுகாப்பு ஆகா. அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றைக் கடந்த பிறகே நிற்க வேண்டும் என்ற விதியைச் சேருங்கள். தாங்க முடியாத பழுதானால் மட்டும் அங்கேயே நிற்கலாம்.

அடுத்து, நிற்பதற்கு எவ்வளவு தொலைவு ஆகும் என்று கணக்கிடுங்கள். நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ, பழுதைக் கண்டறிந்து பதில் கொடுக்க 0.3 நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் 15 சென்டிமீட்டர் போய்விடும். பிறகு நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்க இன்னும் 12.5 சென்டிமீட்டர் தேவை. மொத்தம் 27.5 சென்டிமீட்டர். தொலைவுணரியின் எச்சரிக்கை எல்லை இதைவிடக் குறைவாக இருந்தால், ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது 0.3 நொடியைச் சுருக்க வேண்டும். இந்த நேர எல்லையே எட்டாம் படியை ஆளப்போகிறது.

3. பழுது அட்டவணை எழுதுங்கள்

ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: உறுப்பு, அது பழுதடையும் விதம், அதனால் ரோபோவின் நடத்தையில் தெரியும் மாற்றம், எந்த அளவீட்டில் அது தெரியும், ரோபோ என்ன செய்ய வேண்டும். 2023-இல் சந்திரயான்-3 குறித்துப் பேசிய இஸ்ரோவின் அப்போதைய தலைவர் எஸ். சோமநாத், எது சரியாக நடக்கும் என்பதிலிருந்து தொடங்காமல் எவையெல்லாம் தவறக்கூடும் என்பதிலிருந்து தொடங்கி அந்தத் தரையிறங்கி வடிவமைக்கப்பட்டது என்று விளக்கினார். இந்த அட்டவணை அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது.

“மோட்டார் பழுது” என்று ஒரே வரியில் எழுதுவதே இங்கே பொதுவாக நடக்கும் பிழை. கம்பி அறுவது, சக்கரத்தில் நூலோ கயிறோ சிக்குவது, பற்சக்கரம் தேய்ந்து வழுக்குவது, அச்சில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகு தளர்வது, ஓட்டிப் பலகை ஒரு திசையில் மட்டும் இயங்குவது ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு பழுதுகள். அறிகுறியும் வேறு, பதிலும் வேறு. புதியவர்கள் சில்லுகள் எரிந்துபோவதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நான் கண்டவரை, அதிர்வில் தளர்ந்த இணைப்பிகளும் விரிசல் விட்ட பற்றவைப்புகளுமே ரோபோக்களை அதிகம் நிறுத்துகின்றன. ஒவ்வோர் இணைப்பிக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதுவும் விட்டுவிட்டுத் தொடுவதையும் முழுதாக விலகுவதையும் தனித்தனியே எழுதுங்கள்.

எழுதி முடித்த பின் நான்காம் பத்தி காலியாக உள்ள வரிகளைத் தேடுங்கள். அவை ரோபோவின் கண்ணுக்குத் தெரியாத பழுதுகள். அவற்றுள் தீங்கு விளைவிக்கக்கூடியவற்றுக்குப் புதிய உணரியைச் சேர்க்க வேண்டும், அல்லது அடுத்த படியில் சொல்வதுபோல் நிரலின் உதவியின்றியே தீங்கைத் தடுக்க வேண்டும்.

4. நிரல் இல்லாமலே இயங்கும் பாதுகாப்பை இணையுங்கள்

கண்டறியும் நிரலே உறைந்துபோகக்கூடும் என்பதால், இந்த அடுக்கு எல்லா நிரலுக்கும் முன்னால் வர வேண்டும்.

அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தும்போது திறக்கும் வகையாக, அதாவது இயல்பில் மூடியிருக்கும் தொடர்பாக, இருக்கட்டும். அப்போது பொத்தானின் கம்பி அறுந்தாலும் ரோபோ நின்றுவிடும். அது மோட்டார்களின் மின்வழியை மட்டும் துண்டிக்கட்டும். கணினிகளுக்கான மின்சாரம் தொடர்ந்தால்தான் நடந்ததைப் பதிவு செய்ய முடியும்.

மோட்டார் ஓட்டியின் இயக்க அனுமதி முனையை 10 கிலோ ஓம் தடை வழியாகப் பூச்சிய மின்னழுத்தக் கம்பியோடு இணையுங்கள். நுண்கட்டுப்படுத்தி மறுதொடக்கம் ஆகும் சில நூறு மில்லிநொடிகளில் அதன் முனைகள் யாருடைய பிடியிலும் இல்லாமல் மிதக்கும். ஈஎஸ்பி32 வகை நுண்கட்டுப்படுத்தியில் சில முனைகள் தொடங்கும் கணத்தில் தாமாகவே அலைகளை வெளியிடவும் செய்யும். அந்த முனைகளை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, மின்னிணைப்புக் கொடுத்ததும் ரோபோ துள்ளுகிறதே என்று காரணம் தேடிக்கொண்டிருந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரத்தை இயக்குங்கள். குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தொடாவிட்டால் அது நுண்கட்டுப்படுத்தியை மறுதொடக்கம் செய்யும். எஸ்டிஎம்32 வகை நுண்கட்டுப்படுத்திகளில் இதற்குத் தனிக் கடிகாரமே இருப்பதால், முதன்மைக் கடிகாரம் நின்றாலும் இது இயங்கும். இங்கே நடக்கும் பிழை, அதைத் தொடும் வரியை, குறித்த இடைவெளியில் முதன்மை நிரலை இடைமறித்து ஓடும் டைமர் குறுக்கீட்டுக்குள் வைப்பது. முதன்மைச் சுழல் உறைந்த பின்னும் குறுக்கீடு ஓடிக்கொண்டே இருக்கும். காவல் கடிகாரம் எல்லாம் நலம் என்று நம்பும். முதன்மைச் சுழலின் முடிவில், அந்தச் சுற்றில் எல்லா உணரிகளும் படிக்கப்பட்டன, மோட்டார் கட்டளை புதுப்பிக்கப்பட்டது என்று உறுதியான பிறகே அதைத் தொட வேண்டும்.

ராஸ்பெர்ரி பைக்கும் நுண்கட்டுப்படுத்திக்கும் இடையிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு வேகக் கட்டளையிலும் கூடிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் இருக்கட்டும். 0.3 நொடிக்குள் புதிய வரிசை எண் வராவிட்டால் நுண்கட்டுப்படுத்தி தானே மோட்டார்களை நிறுத்த வேண்டும். வெறும் கட்டளை வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. உறைந்த நிரலின் கடைசிக் கட்டளையை இடையில் உள்ள வேறொரு நிரல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

5. நலமாக இருக்கும் ரோபோவைப் பதிவு செய்யுங்கள்

பழுது என்பது நலத்திலிருந்து விலகல்; நலத்தின் எண்கள் கையில் இல்லாமல் விலகலை அளக்க முடியாது. இந்தப் படிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். வெறும் ரோபோவாகவும் முழுச் சுமையோடும், வழுவழுப்பான தரையிலும் சொரசொரப்பான தரையிலும், முழு மின்னூட்டத்திலும் தீரும் தறுவாயிலும், நேராகவும் திரும்பியும் ஓட்டி, எல்லா அளவீடுகளையும் நொடிக்கு 50 முறை பதிவு செய்யுங்கள்.

பதிவுகளிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியவை சில. ஒவ்வொரு வேகத்துக்கும் சுமைக்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். புறப்படும் கணத்தில் ஏறும் மின்னோட்டமும் அது அடங்க ஆகும் நேரமும். இதை அளக்காதவர்களின் ரோபோ ஒவ்வொரு முறை புறப்படும்போதும் “சக்கரம் சிக்கியது” என்று அறிவிக்கும். நிலையாக நிற்கும்போது கைரோ காட்டும் சிறு நடுக்கத்தின் அளவு.

நான்கு சக்கர ரோபோ வழுக்கித்தான் திரும்புகிறது என்பதால், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவை அளவுகோலால் அளந்து பயன்படுத்தக் கூடாது. ரோபோவை இருந்த இடத்திலேயே பத்துச் சுற்றுச் சுழலவிட்டு, என்கோடர்கள் சொல்லும் தொலைவையும் உண்மையில் சுழன்ற கோணத்தையும் கொண்டு பயனுறு அகலத்தைக் கணக்கிடுங்கள். அது உண்மை அகலத்தைவிடப் பெரிதாகவே வரும். தரைக்குத் தரை மாறும்.

மின்கலத்தின் உள்தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 1 ஆம்பியரிலிருந்து 5 ஆம்பியருக்கு ஏறும்போது மின்னழுத்தம் 11.4 வோல்ட்டிலிருந்து 10.8-க்கு இறங்கினால், உள்தடை 0.15 ஓம். மாதங்கள் செல்லச் செல்ல இந்த எண் ஏறுவது கலம் முதுமை அடைவதையோ இணைப்பு தளர்வதையோ காட்டும். இதை அறியாமல் சுமையின்கீழ் தெரியும் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால், நன்றாக உள்ள கலத்தையும் ரோபோ தீர்ந்துவிட்டதாக எண்ணும்.

6. ஒவ்வோர் அளவீட்டுக்கும் “நம்பலாமா” என்ற அடையாளம் கொடுங்கள்

எந்த உணரியின் எண்ணும் தனியாகப் பயணிக்கக் கூடாது. எண், அளந்த நேரம், நம்பகநிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். எண்ணுக்குள்ளேயே பழுதை ஒளித்து அனுப்புவது ஆபத்து. ஆர்டுயினோ நிரல்தளத்தில் துடிப்பின் நீளத்தை அளக்கும் பல்ஸ்இன் செயற்கூறு, எதிரொலி வராதபோது பூச்சியத்தைத் திருப்பித் தருகிறது. எச்.சி-எஸ்ஆர்04 என்னும் மீயொலித் தொலைவுணரியோடு அதைப் பயன்படுத்தும் நிரல், “எதிரில் எதுவும் இல்லை”, “கம்பி அறுந்துவிட்டது”, “மூக்கில் சுவர் இடிக்கிறது” ஆகிய மூன்றையும் ஒன்றாகவே பார்க்கும். அதைவிடக் கொடியது, இயல்பமைப்பில் அந்தச் செயற்கூறு ஒரு முழு நொடி காத்திருக்கும் என்பது. அதற்குள் நம் ரோபோ அரை மீட்டர் ஓடிவிடும். காத்திருப்பை 30 மில்லிநொடிக்குள் கட்டுப்படுத்துங்கள், அல்லது குறுக்கீட்டைக் கொண்டு அளவிடுங்கள்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவுகலத்தின் முதல் பயணம் இப்படியொரு குழப்பத்தில்தான் முடிந்தது. ஓர் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போனதால் திசையறி அமைப்பு நின்றது. அது அனுப்பிய பழுதறிக்கையை முதன்மைக் கணினி பறப்புத் தரவாக எடுத்துக்கொண்டு இயந்திரங்களின் வெளியேற்று முனைகளைத் திருப்பியது. மாற்று அமைப்பு இருந்தும் பயனில்லை; அதில் ஓடியதும் அதே நிரல் என்பதால் அதுவும் சற்று முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. ஒரே வகை உணரியை இரண்டு வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒவ்வோர் எண்ணையும் நான்கு வகையில் சோதியுங்கள். முதலாவது, இயற்பியல் எல்லை: நம் ரோபோவின் சக்கரம் நொடிக்கு 3 மீட்டர் ஓட முடியாது. இரண்டாவது, மாறும் வேகம்: மின்கல மின்னழுத்தம் ஒரே அளவீட்டில் 4 வோல்ட் இறங்கி அடுத்ததில் ஏறினால் அது தளர்ந்த இணைப்பு. மூன்றாவது, பழமை: அளந்து 0.1 நொடிக்கு மேல் ஆன எண் பயனற்றது. நான்காவது, உறைதல்: உயிருள்ள கைரோ ஒருபோதும் ஐம்பது முறை தொடர்ந்து ஒரே எண்ணைத் தராது, தந்தால் அது அசையாமல் நிற்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டது.

பல உணரிகளை இரண்டே கம்பிகளில் இணைக்கும் ஐ2சி இணைப்பில் உள்ள உணரிகளுக்கு இரண்டு கூடுதல் குறிப்புகள். பதில் வராதபோது ஆர்டுயினோவின் நூலகம் −1 என்று தரும். அதை அப்படியே இரண்டு பைட்டுகளாகச் சேர்த்தால் முற்றிலும் ஏற்கத்தக்கதுபோல் தோன்றும் ஒரு சிறிய எண் கிடைக்கும். எத்தனை பைட்டுகள் வந்தன என்று பார்த்த பின்பே படியுங்கள். மேலும், படித்துக்கொண்டிருக்கும்போது நுண்கட்டுப்படுத்தி மறுதொடக்கம் ஆனால், உணரி தரவுக் கம்பியைப் பூச்சியத்தில் பிடித்தபடியே நின்றுவிடலாம். தொடங்கும்போது கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்புகள் அனுப்பினால் அது விடுவிக்கும்.

7. ஒன்றின் கூற்றை மற்றொன்றோடு ஒப்பிடுங்கள்

தன்னளவில் குறையில்லாத எண்ணும் பொய்யாக இருக்கலாம். ஒரே நிகழ்வைப் பற்றி வெவ்வேறு இயற்பியல் வழியில் பேசும் உணரிகளை எதிரெதிரே நிறுத்துவதே அதைப் பிடிக்கும் வழி. நம் ரோபோவில் ஒரு சக்கரத்தைப் பற்றி நான்கு சாட்சிகள் உண்டு: நாம் கொடுத்த கட்டளை, என்கோடர், மின்னோட்டம், ரோபோவின் உடல் எப்படித் திரும்பியது என்று சொல்லும் கைரோ.

கணக்கு எளியது. வலப்பக்க வேகத்திலிருந்து இடப்பக்க வேகத்தைக் கழித்துப் பயனுறு அகலத்தால் வகுத்தால் திரும்பும் வேகம் கிடைக்கும். வலப்பக்கம் நொடிக்கு 0.4 மீட்டர், இடப்பக்கம் 0.2, பயனுறு அகலம் 0.5 மீட்டர் எனில், ரோபோ நொடிக்கு 0.4 ரேடியன், அதாவது ஏறத்தாழ 23 பாகை திரும்ப வேண்டும். கைரோ 5 பாகை என்றால் இருவரில் ஒருவர் தவறு. யார் என்பதை இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு சொல்ல இயலாது. புதியவர்கள் இங்கேதான் அவசரப்பட்டுக் கைரோவைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். மூன்றாவது சாட்சியைக் கூப்பிடுங்கள்.

என்கோடர் பூச்சியம், மின்னோட்டம் மிக அதிகம்: சக்கரம் சிக்கியுள்ளது. மோட்டாரை உடனே நிறுத்துங்கள்; சிக்கிய மோட்டாரின் சுருள் விரைவில் சூடாகி எரியும்.

என்கோடர் பூச்சியம், மின்னோட்டமும் பூச்சியம்: மின்வழி அறுந்துள்ளது. கம்பியோ ஓட்டிப் பலகையோ மோட்டாரின் தூரிகையோ காரணமாகலாம். ரோபோவின் பார்வையில் மூன்றுக்கும் பதில் ஒன்றே என்பதால் அதற்கு மேல் பிரிக்க முயல வேண்டாம்.

என்கோடர் பூச்சியம், மின்னோட்டம் வழக்கம்போல், கைரோ கட்டளையோடு ஒத்துப்போகிறது: சக்கரம் ஓடுகிறது, என்கோடரே பழுது. இந்த நிலை மிக ஆபத்தானது. வேகக் கட்டுப்பாட்டு நிரல் “சக்கரம் ஓடவில்லை” என்று நம்பி மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ரோபோ திடீரென்று ஒரு பக்கம் பாயும். ஆகவே கட்டுப்பாட்டு நிரலில் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் தொகையீட்டுப் பகுதிக்கு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும்.

என்கோடர் எண் ஒன்று கூடி ஒன்று குறைந்து ஒரே இடத்தில் ஆடுகிறது: என்கோடரின் இரண்டு குறித் தடங்களில் ஒன்று அறுந்துள்ளது. திசையைச் சொல்லும் தடம் மாறாமல் நிற்பதால், ஏறும் விளிம்பில் கூட்டியதை இறங்கும் விளிம்பில் கழித்துவிடுகிறது. சராசரி வேகம் பூச்சியம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைச் சிக்கிய சக்கரமாக எண்ணுவார்கள். விளிம்புகளின் எண்ணிக்கையையும் தனியே வைத்திருந்தால் வேறுபாடு தெரியும்.

என்கோடர் ஓடுகிறது, மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவு, கைரோ ஒத்துப்போகவில்லை: சக்கரம் தரையைத் தொடவில்லை, அல்லது அச்சில் திருகு தளர்ந்து சக்கரம் திரும்பாமல் அச்சு மட்டும் சுழல்கிறது. நான்கு சக்கரங்களிலும் எல்லாம் ஒத்துப்போய்க் கைரோ மட்டும் முரண்பட்டால்தான் கைரோவைச் சந்தேகிக்கலாம். அதையும் ரோபோவை ஒரு நொடி நிறுத்தி, நிலையாக நிற்கும்போது கைரோ என்ன சொல்கிறது என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இப்படி ஒரு சிறு செயலைச் செய்து அதன் விளைவைப் பார்ப்பது, காத்திருந்து ஊகிப்பதைவிட விரைவில் உண்மையைத் தரும்.

இவற்றை விதிகளாகவே எழுதுங்கள். இயந்திரக் கற்றலைக் கொண்டு பழுதைக் கண்டறியலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். நான்கு சாட்சிகள் உள்ள இடத்தில் பத்து விதிகள் போதும். நள்ளிரவில் ரோபோ ஏன் நின்றது என்று அந்த விதிகள் வாய்விட்டுச் சொல்லும். அச்சுத் தாங்கியின் (பேரிங்) தேய்மானம் போல் மெல்ல வளரும் பழுதுகளுக்கு மட்டும், விதிகள் நிலைபெற்ற பின், கற்றல் முறையைச் சேர்க்கலாம்.

8. வரம்பையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

ஐந்தாம் படிப் பதிவுகளில் ஒவ்வோர் ஒப்பீட்டின் வேறுபாட்டுக்கும் திட்டவிலக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவை, கணக்கிடுங்கள். அதன் மூன்று மடங்கை வரம்பாக வைத்து, ஒரே அளவீடு தாண்டினாலும் பழுது என்று அறிவிப்பது பரவலான பிழை. இயல்நிலைப் பரவலில் மூன்று மடங்கைத் தாண்டும் வாய்ப்பு 0.27 விழுக்காடு, நொடிக்கு 50 அளவீடுகள் எனில், ஏறத்தாழ ஏழு நொடிக்கு ஒருமுறை பொய்யெச்சரிக்கை வரும்.

கடைசிப் பத்து அளவீடுகளில் ஏழு வரம்பைத் தாண்டினால் மட்டும் பழுது என்று கொள்ளுங்கள். பத்து அளவீடுகளுக்கு ஆகும் நேரம் 0.2 நொடி, இரண்டாம் படியில் ஒதுக்கிய 0.3 நொடிக்குள் அடங்கும். மெதுவான, தீங்கு குறைந்த பழுதுகளுக்கு இதைவிட நீண்ட நேரம் கொடுக்கலாம்.

ஒரு கணம் வந்துபோன குறியை நினைவில் தேக்கி வைக்காதீர்கள். 1999 டிசம்பரில் செவ்வாயில் இறங்க முயன்ற மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்ததற்கு மிக ஏற்கத்தக்க காரணமாக ஆய்வுக்குழு சொன்னது இதைத்தான்: கால்கள் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைத் தரைதொட்ட குறியாக உணரி காட்ட, நிரல் அதை நினைவில் வைத்திருந்து, இன்னும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் இருக்கும்போதே இயந்திரங்களை நிறுத்தியது.

9. பழுதுக்குப் பின் எப்படி ஓடுவது என்று வகுத்துக்கொள்ளுங்கள்

நான்கு நிலைகள் போதும்: முழு இயக்கம், குறைந்த வேக இயக்கம், அருகில் உள்ள பாதுகாப்பான இடத்துக்கு ஊர்ந்து செல்லுதல், நிற்றல். ஒவ்வொரு பழுதையும் இவற்றில் ஒன்றோடு இணையுங்கள். பழுதுக்கொரு தனி நடத்தை எழுதத் தொடங்கினால் அவற்றின் சேர்க்கைகள் பெருகி, சோதிக்கவே இயலாமல் போகும்.

ஒரு சக்கரம் மட்டும் உயிரிழந்தால் மற்ற மூன்றால் ஓட முடியும். முதலில் அந்த மோட்டாரைத் தளர்ந்து உருளும் நிலையில் விடுங்கள். பல ஓட்டிப் பலகைகள் பூச்சியக் கட்டளைக்கு மோட்டார் முனைகளைக் குறுக்கே இணைத்துப் பிரேக் போட்டுவிடும். பிறகு உச்ச வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் பாதியாக்கி, கைரோவின் திசையைக் கொண்டு பக்கச் சாய்வைத் திருத்துங்கள். புழுப் பற்சக்கரம் உள்ள மோட்டார் தளர்ந்து உருளாது. அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும், அது பின்னால் வரும்படி ஓடுவதே எளிது. நாசாவின் செவ்வாய் ஊர்தியான ஸ்பிரிட்டின் வலது முன்சக்கரம் 2006 மார்ச்சில் நின்றபோது அதைப் பின்னோக்கி ஓட்டியே பயணத்தைத் தொடர்ந்தார்கள். அந்தச் சக்கரத்தின் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் இழுப்பது 2004-லேயே பதிவாகியிருந்தது என்பதையும் கவனியுங்கள். மின்னோட்டப் பதிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

உணரி இழப்புக்கு, அதே செய்தியைச் சற்றுக் குறைந்த தரத்தில் தரக்கூடிய இன்னோர் உணரியை முன்கூட்டியே தேடி வையுங்கள். செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் சாய்வுமானி 2022-இல் செயலிழந்தபோது, புறப்படும் முன் சாய்வை அறிய அதன் முடுக்கமானிகளையே பயன்படுத்தும்படி நிரலைத் திருத்தினார்கள். நம் ரோபோவில் ஓர் என்கோடர் போனால், அதே பக்கத்து மற்றச் சக்கரத்தின் என்கோடர் குறைந்த வேகத்தில் ஈடு செய்யும். முன்புறத் தொலைவுணரிக்கு ஈடு இல்லை. அது போனால் நிற்பதே சரி.

நிலை இறங்குவது தானாக நடக்கலாம். ஏறுவதை மனிதர் ஒருவர் பார்த்த பிறகே அனுமதியுங்கள். விட்டுவிட்டுத் தொடும் இணைப்பி உள்ள ரோபோ, இந்த விதி இல்லாவிட்டால், நிமிடத்துக்கு நான்கு முறை முழு வேகத்துக்கும் ஊர்தலுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும்.

10. மறுதொடக்கத்துக்கு எல்லை வையுங்கள்

மறுதொடக்கம் பல பழுதுகளைத் தீர்க்கும்; தீராத பழுதில் அதுவே புதிய பழுதாகும். 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தியின் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகியதால், தொடங்கும்போதெல்லாம் அதன் கணினி விழுந்து மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனது. இரவிலும் உறங்காமல் மின்கலத்தைக் கரைத்தது. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே தொடங்கும் ஒரு குறை வழி இருந்ததால்தான் அதை மீட்க முடிந்தது.

நம் ரோபோவிலும் மறுதொடக்க எண்ணிக்கையை அழியாத நினைவகத்தில் வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை ஆனால், மோட்டார்களை அனுமதிக்காமல், செய்தி அனுப்புவதற்கு மட்டும் போதுமான குறை நிரலோடு தொடங்கட்டும். ஒவ்வொரு முறையும் மறுதொடக்கத்தின் காரணத்தை நுண்கட்டுப்படுத்தியின் பதிவகத்திலிருந்து படித்துச் சேமியுங்கள்: காவல் கடிகாரமா, மின்னழுத்தச் சரிவா, மனிதர் அழுத்திய பொத்தானா என்று அது சொல்லும். மின்னழுத்தச் சரிவு என்றால் நிரலில் தேட வேண்டாம். மோட்டார்கள் ஒன்றாகப் புறப்படுவதைச் சற்றுத் தள்ளித் தள்ளி நிகழும்படி செய்யுங்கள்.

ராஸ்பெர்ரி பையின் நினைவட்டையில் இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் கூடியதாக்கி, பதிவுகளுக்குத் தனிப் பகுதி கொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதையும். பழுதைச் சமாளித்து நின்ற ரோபோ மறுநாள் எழவே எழாது.

11. வேண்டுமென்றே பழுதாக்கிச் சோதியுங்கள்

முதலில் நிரலில் செயற்கைப் பழுதுகளைப் புகுத்துங்கள். உணரி எண்ணை உறையவைப்பது, அதனோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவது, மூன்றில் ஓர் அளவீட்டைத் தொலைப்பது, 0.2 நொடி தாமதப்படுத்துவது ஆகிய நான்கும் ஒவ்வோர் உணரிக்கும் செய்யப்பட வேண்டும். தாமதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2021 மே 22 அன்று இன்ஜெனுயிட்டியின் ஆறாம் பறப்பில் ஒரே ஒரு படம் தொலைந்ததால், அடுத்து வந்த படங்கள் அனைத்தும் தவறான நேர முத்திரையோடு வந்து, அது காற்றில் தள்ளாடியது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் படங்களை நம்ப வேண்டாம் என்று வடிவமைத்திருந்ததால் பத்திரமாக இறங்கியது.

பிறகு ரோபோவைத் தாங்கியில் நிறுத்தி, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் உண்மையான பழுதை உண்டாக்குங்கள். ஒவ்வொரு கம்பியிலும் தற்காலிகமாக ஒரு சிறு சுவிட்சை இணைத்தால் அறுப்பதும் சேர்ப்பதும் எளிது. சக்கரத்தை விரலால் பிடித்து நிறுத்தாதீர்கள், மரத்துண்டைப் பயன்படுத்துங்கள். தாங்கியில் தேறிய வரிகளை மட்டும் தரையில், பாதி வேகத்தில், அவசரப் பொத்தானில் கை வைத்தபடி மீண்டும் சோதியுங்கள். தாங்கியில் சுமை இல்லாததால் மின்னோட்ட வரம்புகள் அங்கே பொருந்தா. அந்த வரிகளைத் தரையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, முதற்படியில் குறிப்பிட்ட அந்த வெளியாளிடம் ரோபோவை அரை நாள் ஒப்படையுங்கள். அவர் எந்தக் கம்பியை எப்போது பிடுங்கினார், எந்தத் திருகைத் தளர்த்தினார் என்று தன் தாளில் நேரத்தோடு எழுதட்டும். உங்களிடம் சொல்ல வேண்டாம். மாலையில் அவருடைய தாளையும் ரோபோவின் பழுதுப் பதிவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அவர் எழுதியிருந்து ரோபோ பதிவு செய்யாத வரிகளுக்காக ஏழாம் படியையும், ரோபோ பதிவு செய்து அவர் எழுதாத வரிகளுக்காக ஐந்தாம் படியையும் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும். அதற்குக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.